திருப்பமும் தீர்ப்பும்

நீதிமன்றப் படங்களைப் புகழும் நண்பர்கள் ‘தார்மிகச் சிக்கல் கொண்ட பாத்திரங்கள்’ என்றொரு சொற்றொடர் வைத்திருக்கிறார்கள். எதைப் பார்த்துவிட்டு வந்தாலும் அதன்மேல் ஒட்டிவிடுகிறார்கள். பில்லி வைல்டரின் ‘விட்னஸ் ஃபார் த ப்ராஸிக்யூஷன்’ (1957) படத்துக்கும் அதே லேபிள். அதில் என்ன சிக்கல்? ஒரு தகவல் கடைசி நிமிஷங்கள் வரை மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று படமே கேட்டுக்கொள்கிறது. சொன்னால் தீர்ந்துபோவது புதிர். சிக்கலாவது, கிக்கலாவது.

நான் ஓட்டோ ப்ரெமிங்கரின் ‘அனாடமி ஆஃப் எ மர்டர்’ (1959) கட்சி. அதில் கொன்றவன் யார் என்பதில் சந்தேகமே இல்லை. தன் மனைவியைப் பலாத்காரம் செய்ததாகச் சொல்லப்படும் மதுக்கடைக்காரனை ராணுவ லெஃப்டினன்ட் மேனியன் சுட்டிருக்கிறான். சிறையில் அவனைச் சந்திக்கும் வக்கீல் பீக்லர், கொலைக் குற்றத்திலிருந்து தப்ப நான்கு வழிகள் உண்டென்று விளக்கி, முதல் மூன்றும் உதவாது என்கிறார். பொய் சொல் என்று சொல்வதில்லை. எந்தப் பதில் பயன்படும் என்பது மட்டும் தெரியும்படி பேசுகிறார். கொஞ்சம் யோசித்து, அப்போது தனக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும் என்று மேனியன் கண்டுபிடிக்கிறான். ஞாபகம் வந்ததா, பாடம் புரிந்ததா? படம் வாயைத் திறப்பதில்லை. கொலையை ஒரு ஃப்ளாஷ்பாக்கில்கூடக் காட்டுவதில்லை. ஜூரி கேட்ட சாட்சியங்களோடு, ஜூரி கேட்காத இந்தச் சிறைப் பேச்சையும் நாம் கேட்டிருக்கிறோம். கேட்டும், ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முகத்துக்காக பீக்லர் ஜெயிக்கவேண்டும் என்று விரும்புகிறோம். கறை அங்கே இருக்கிறது, நம் இருக்கையில்.

மூல நாவலை (1958) ராபர்ட் ட்ராவர் என்ற பெயரில் எழுதிய ஜான் வோல்க்கர், 1952இல் மிச்சிகனில் நடந்த ஒரு கொலை வழக்கில் எதிரிக்காக வாதாடியவர். பிறகு அம்மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி. படத்தில் நீதிபதியாக வரும் ஜோஸஃப் வெல்ச், 1954 விசாரணையில் செனட்டர் மக்கார்த்தியை எதிர்கொண்ட நிஜ வக்கீல். விளம்பரத் தந்திரம் என்பார்கள். இருக்கட்டும். தொழில் தெரிந்தவர்கள் கைவைத்ததால்தான் இதில் வீர வசனம் இல்லை.

வெறும் கொலைக்கதைதானே என்று உதட்டைப் பிதுக்கும் மறுசாராருக்கு ஒரு வார்த்தை: ‘கரமாஸோவ் சகோதரர்க’ளின் பன்னிரண்டாம் புத்தகம் முழுக்க ஒரு கொலை வழக்கின் விசாரணைதான்.

புத்தி பேதலித்தவன் என்று விடுதலையான மேனியன், ஃபீஸ் தராமல் ஊரைவிட்டு ஓடுகிறான். கோர்ட்டில் தனக்காகச் சொல்லப்பட்ட அதே ‘அடக்க முடியாத உந்துத’லைக் காரணம் காட்டிச் சீட்டும் எழுதி வைத்திருக்கிறான். பீக்லருக்கு அடுத்த வேலை தயாராக இருக்கிறது: கொல்லப்பட்டவனின் மகளுக்காக அவன் சொத்தை நிர்வகிப்பது.