கால் விறைத்தால்...

சகோதரிகளே, குந்தியிருந்து மீன் வெட்டிவிட்டு எழும்பும்போது கால் விறைத்துப் போகிறதல்லவா? முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தைத் தடவிப் பாருங்கள். உருண்டையாய் ஓர் எலும்பு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளை இயக்குவது அதுதான். புறங்காலின் உணர்ச்சியும் அதனாலேயே. நெடுநேரம் குந்தியிருந்தாலும், காலுக்கு மேல் கால் போட்டிருந்தாலும் அது நசுங்கும். எழுந்து நடந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகிவிடும்.

அப்படியும் பாதம் தொங்கி, நடக்கையில் பெருவிரல் நிலத்தில் இடறுகிறதா? எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாட்களைக் கடத்தாமல் டொக்டரிடம் காட்டுங்கள். முறிந்த காலுக்கு பிளாஸ்டர் போட்ட பின் பெருவிரலை உயர்த்த முடியாவிட்டால், விடியும்வரை காத்திராமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீரிழிவுள்ளவர்களின் நரம்பு எளிதில் பழுதுபடும். அவர்கள் மீனை மேசையில் வைத்தே வெட்டட்டும்.