'பிபிஏ ஃப்ரீ' புட்டி வாங்கியாச்சு... அப்புறம்?

களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, இன்னும் கொஞ்சம் போனால் நெய்யாற்றின்கரை. ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்குக்கு எல்லையின் இந்தப் பக்கம் 2019 ஜனவரி 1 முதல் தடை. அந்தப் பக்கம் சரியாக ஒரு வருடம் கழித்து. இரண்டு அரசுகளும் பார்த்தது குப்பையை. பிளாஸ்டிக்கிலிருந்து குழந்தையின் உடம்புக்குள் போகும் ரசாயனம் வேறு கணக்கு.

அதில் அதிகம் பேசப்படுவது பிபிஏ எனும் பிஸ்ஃபீனால் ஏ. இது உடம்புக்குள் போய் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாதிரி வேலை காட்டும். ஒரு குழந்தையைக் காட்டி 'இவளுக்கு வந்தது இதனால்தான்' என்று சொல்ல முடியாது. ஆனால் உறுப்புகள் வளரும் வயதில் சிறு அளவும் பொருட்டுதான். 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தினசரி அனுமதி அளவை 20,000 மடங்கு குறைத்தது, சும்மா இல்லை.

இந்தியாவில் பால் புட்டியில் பிபிஏ கூடாது என்கிறது பிஐஎஸ்-ன் 2015 தரநிலை. நல்லது. இப்போ கடையில் கிடைக்கும் 'பிபிஏ ஃப்ரீ' புட்டிகளில் பல பாலிபுரொப்பிலீன். டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020-ல் அவற்றில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். 25 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 6 லட்சம் மைக்ரோபிளாஸ்டிக் துகள்கள். 95 டிகிரியில் 5.5 கோடி! இந்தத் துகள்கள் உடம்பில் என்ன செய்யும் என்பது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. லேபிள் ஒரு ரசாயனம் இல்லை என்று மட்டும் சொல்கிறது. சூட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அவர்கள் சொன்ன வழி சுலபம். பவுடர் பாலை ஸ்டீல் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கலக்கி, ஆறிய பிறகு புட்டியில் ஊற்றுங்கள். ஹோட்டல் சாம்பாருக்குத் தூக்குவாளி கொண்டுபோனால் இன்னும் நல்லது.