வாடகை ஏடும் சொந்த நூலும்



“எல்லாம் கைப்பேசியிலேயே வந்துவிட்டது, இனி நூலகம் எதற்கு?” என்று நம்மில் பலர் கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் உண்டு. சரோஜினி நகரிலிருந்து தெற்கு வளாகம் மெட்ரோவில் மூன்றாவது நிலையந்தான். ஆயினும், இரவு பத்து மணிக்கு ஓர் ஆய்வுக்கட்டுரை தேவைப்பட்டால் அந்தத் தொலைவும் தொலைவே.

வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்று 1931இலேயே விதி வகுத்தவர், சீர்காழி ஈன்ற எஸ். ஆர். ரங்கநாதன். 1947இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து நூலகவியலை வளர்த்தவரும் அவரே. ஆகவே, நூலகம் இணையவழியே வாசகனைத் தேடி வருவதை வரவேற்போம்.

2024 நவம்பரில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை 6,300க்கு மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய்! சிற்றூர்க் கல்லூரி மாணவனும் தலைநகர் மாணவனும் ஒரே இதழைப் படிக்கலாம். பாராட்டத்தக்க செயலே.

ஆனால், சந்தா என்பது என்ன? சரோஜினி நகர்வாசிகளுக்கு அதை விளக்க வேண்டுமா? சர்க்கார் குவார்ட்டர்ஸில் முப்பதாண்டு வாழ்ந்தாலும், ஓய்வு பெற்றபின் சாவியை ஒப்படைத்தே தீரவேண்டும். விலைகொடுத்து வாங்கிய நூலோ சொந்த வீடு. பேரப்பிள்ளைகளுக்கும் அதன் கதவு திறக்கும்.

மேலும், அவ்விதழ்களுள் பெரும்பாலானவை பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஆங்கில இதழ்கள். தமிழ் கற்போன் அவற்றை மட்டும் நம்பி வாழ முடியுமா? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பெருந்துணைதான். எனினும், நேற்று வெளிவந்த நாவலும் ஆய்வு நூலும் அச்சிலேதான் பெரும்பாலும் நம் கைக்கு வருகின்றன. கணினிக்கு இடம் வேண்டுமென்று அலமாரியை அகற்றத் தொடங்கினால், இத்தலைநகரில் முதலில் வெளியேறுவது எது? எவரும் இரவல் கேட்காத தமிழ் நூலன்றோ!

எனவே நாம் கேட்கவேண்டியவை மூன்று. வளாகத்துக்கு வெளியிலிருந்தும் மின்னிதழ்களைப் படிக்க ஒவ்வொரு மாணவருக்கும் வழி வேண்டும். சந்தாவுக்கு எவ்வளவு செலவிட்டாலும், நூல் வாங்க ஆண்டுதோறும் தனித்தொகை வேண்டும். இரண்டறை வீட்டில் படிக்க இடமில்லாத மாணவனுக்காக, அமைதியான படிப்பகம் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும்.

கேட்பது மட்டும் போதாது, தோழர்களே! இவ்வாரமே நூலகம் செல்லுங்கள். ஒரு தமிழ் நூலையேனும் உங்கள் பெயரில் எடுங்கள். படிப்பாருள்ள நூலை அகற்ற எவர்க்கும் மனம் வராது.