இந்தக் கணக்கை யார் போட்டது?

கருங்கலிலும் சுற்றுவட்டத்து ஊர்களிலும் வயதானவர் ஒருவர் கிடப்பிலாகிவிட்டால், வீட்டில் முதலில் எழும் பேச்சு ஹோம் நர்ஸ் வைப்பதா வேண்டாமா என்பதுதான். வைப்பதென்று முடிவானதும், "எவ்வளவு கேப்பினும்?" என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் உடனே கிடைத்துவிடும். அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஏஜென்சிக்காரர் பேச்சை மாற்றுவார். வேலைக்கு வந்த பெண் தலையைக் குனிந்துகொள்வார். அரசு அலுவலகத்தில் அது தங்கள் வேலையில்லை என்பார்கள்.

எங்கள் அம்மை பக்கவாதத்தில் விழுந்த நாள் முதல் இந்தக் கேள்வியோடுதான் அலைகிறேன். எங்கள் விளையில் தேங்காய் வெட்ட ஆள் வந்தால் மரத்துக்கு இவ்வளவு என்று ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார். எத்தனை மரம் ஏறினார் என்று அவரும் எண்ணலாம், நானும் எண்ணலாம். தேங்காய்க்கு உள்ள இந்தத் தெளிவு, பெற்ற தாயைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலைக்கு ஏன் இல்லை?

போனில் ஏஜென்சி சொன்னது நாளுக்கு 900 ரூபாய். மாதம் 27,000 என்று மனத்தில் போட்டுக்கொண்டு, தம்பியும் நானும் பாதிப் பாதி பங்கிட்டுக்கொள்ளலாம் என்று சம்மதித்தோம். ஆள் வருவதற்கு முன்பே ரிஜிஸ்ட்ரேஷன் என்று ஒரு தொகை வாங்கினார்கள். அது எத்தனை மாதத்துக்கு என்று ரசீதில் ஒரு வரி இல்லை. வந்த பெண் அம்மையைத் தூக்க முடியாமல் சில நாளிலேயே போய்விட்டார். அடுத்த ஆளை அனுப்பச் சொன்னால் ரீப்ளேஸ்மெண்டுக்குத் தனியாகப் பணம். முதல் ஆள் காலையில் கிளம்பி, மறு ஆள் மாலையில் வந்து சேர்ந்த நாளுக்கு இரண்டு பேருக்கும் முழு நாள் கூலி. போக வர பஸ் காசு நம்முடையது. 31 நாள் உள்ள மாதத்தில் 27,900. பிறகு அம்மைக்கு டயப்பர் கட்ட வேண்டிவந்ததும் "டயப்பர் கேசுக்கு ரேட்டு வேற" என்றார்கள். மூக்கில் டியூப் போட்டால் அதற்கு வேறு. ஆள் கனமாக இருந்தால் அதற்கு வேறு. வீட்டில் இன்னொரு வயதானவர் இருந்தால், அவருக்கு ஒரு தம்ளர் வெந்நீர் எடுத்துக் கொடுப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு.

கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலி கேட்பதை நான் குறை சொல்லவே இல்லை. அசைவில்லாத உடம்பை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது இடுப்பை ஒடிக்கிற வேலை. அதைச் செய்யாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். அதற்கு மனசாரப் பைசா கொடுக்கலாம். ஆனால் எதற்கு எவ்வளவு என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதித் தந்துவிட வேண்டாமா? ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி வாக்கில் புதிதாக ஒரு காரணமும் அதற்கொரு தொகையுமாக ஏன் வருகிறது?

ஒருமுறை பொறுக்க முடியாமல் ஏஜென்சி நடத்துகிறவரிடம் நேராகவே கேட்டேன்.

"டீச்சரே, ஒங்க அம்மைக்கக் கேஸ் கொஞ்சம் கஷ்டமாக்கும். அதான் ரேட்டு கூடுது."

"கஷ்டம்னு ஆரு பாத்துச் சொன்னா? இங்க ஒருத்தரும் வந்து பாக்கல்லியே."

"வந்து பாக்கணும்னு இல்ல டீச்சர். போன்ல கேட்டாலே எங்களுக்குத் தெரியும்."

எனக்கு வந்த வெப்ராளத்துக்கு அளவில்லை. நோயாளியின் எடை தெரியாது, எழுந்து உட்காருவாரா தெரியாது, இரவில் எத்தனை தடவை விழிப்பார் தெரியாது. போனில் நம் குரலைக் கேட்டே கூலி தீர்மானமாகிறது. மகன் வெளிநாட்டில் என்று வாய் தவறிச் சொல்லிவிட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம், ஏறக்குறைய அதே நிலையில் கிடக்கும் தகப்பனாருக்கு, எங்களைவிடக் கூடுதல் கேட்டிருக்கிறார்கள். வசதியைப் பார்த்துக் கட்டணம் வைப்பது தவறென்று சொல்ல மாட்டேன். அதைச் செய்வதற்கு ஒரு விதி வேண்டும். கூடுதலாக வாங்கியது இல்லாதவருக்குப் போய்ச் சேர வேண்டும். இங்கே அது எங்கே போகிறது?

நிச்சயமாக, வேலை செய்யும் பெண்ணுக்குப் போகவில்லை. இப்போது அம்மையைப் பார்த்துக்கொள்பவர் மலையோரத்திலிருந்து வந்தவர். அம்மையை "அம்மச்சி" என்றுதான் கூப்பிடுவார். பணத்தை நாங்கள் ஏஜென்சிக்கு அனுப்ப, கமிஷன் பிடித்துக்கொண்டு மிச்சத்தை அவர்கள் அவருக்குக் கொடுக்கிறார்கள். எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று எங்களுக்கும் சொல்வதில்லை, அவருக்கும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ராத்திரி கண்விழிப்பும் சேர்த்து அவர் இருப்பது 24 மணி நேரம். 900-ஐ 24-ஆல் வகுத்தால் மணிக்கு 37 ரூபாய் 50 பைசா. 2018-இல் தமிழக அரசு வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரை. இத்தனை வருடம் கழித்து, ஏஜென்சி பங்கு எடுப்பதற்கு முன்னாலேயே, நாங்கள் கொடுப்பது அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. அவர் கைக்குப் போவது அதற்கும் கீழே. எங்களுக்குத் தாங்க முடியாத தொகை, அவருக்குப் போதாத கூலி. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருப்பதுதான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது.

அரசு என்ன தருகிறது? முதியோர் உதவித்தொகை 1962 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2011-இல் 1,000 ரூபாயானது, 2023-இல் 1,200 ஆனது. அதில் மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குள் இருப்பவருக்கு 200 ரூபாய், 80 தாண்டினால் 500. நாளுக்கு 900 என்றால் அந்த 1,200 ரூபாய் ஒன்றேகால் நாளுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். அதுவும் எல்லோருக்கும் கிடையாது. ஆதரவற்றவராக இருக்க வேண்டும், சொத்து மதிப்பு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் பக்கம் செண்டு நிலம் விற்கும் விலைக்கு, ஒரு ஓட்டு வீடும் நாலு தெங்கும் இருந்தாலே அந்த வரம்பு தாண்டிவிடும். வீட்டை விற்றா நர்ஸ் வைக்க முடியும்? விற்றால் எங்கே கிடப்பது?

முதல்வரின் காப்பீட்டு அட்டையானாலும், 70 வயது கடந்தவர்களுக்கு 2024 அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்த 5 லட்சம் ரூபாய்க் காப்பீடானாலும், ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் உதவும். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய நிமிடத்தோடு அந்த அட்டையின் வேலை முடிந்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் நடக்கிறது. மாத்திரை வருகிறது, பிசியோதெரபி செய்யவும் வலிநிவாரண சிகிச்சைக்கும் வீடு தேடி வருகிறார்கள். அந்தப் பணியாளர்களுக்கு மனமார நன்றி. ஆனால் வந்தவர் சிறிது நேரத்தில் அடுத்த வீட்டுக்குப் போயாக வேண்டும். மிச்ச நேரத்துக்கு யார்?

வீட்டுப் பெண்கள்தான். வேலையை விட்ட மகள், தையல் மெஷினை மூடி வைத்த மருமகள், பேத்தி. 2024-இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 41 பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தார்கள். அவர்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 140 நிமிடம். ஆண்களில் ஈடுபட்டவர்கள் ஏறக்குறைய 21 பேர், 74 நிமிடம். குழந்தை பராமரிப்பும் அதில் சேர்த்திதான். இந்த நிமிடங்களுக்கு யாரும் ரேட் சொல்வதில்லை.

பிள்ளைகள் கைவிட்டால் கேட்க 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. எங்களுக்கென்றால் பத்மநாபபுரம் கோட்டத்துத் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வேண்டும். தீர்ப்பாயம் அதிகபட்சம் மாதம் 10,000 ரூபாய் கொடுக்கச் சொல்லலாம். 2007-இல் அது நல்ல தொகைதான். இன்று கிடப்பில் உள்ளவருக்குப் பதினோரு நாள் கூலிக்குத்தான் காணும். அந்த உச்சவரம்பை எடுத்துவிடவும், வீட்டில் வந்து பராமரிக்கும் சேவை நடத்துகிறவர்களைப் பதிவு செய்யவும், அதற்குத் தரம் வகுக்கவும் 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வைத்தார்கள். நிலைக்குழு பார்த்து அறிக்கையும் கொடுத்தது. அந்த மக்களவையின் காலம் 2024-இல் முடிந்தபோது மசோதாவும் காலாவதியானது. அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகக்கூடத் தெரியவில்லை. எனக்கு வருத்தம் இருக்கிறது. நான் இத்தனை நாளாகக் கேட்கும் கேள்விக்கு அதில்தான் ஒரு வாசல் இருந்தது.

கருங்கலிலிருந்து கேரள எல்லையான களியக்காவிளை பக்கம்தான். 1956 நவம்பர் 1-க்கு முன்பு எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாநிலம். அந்த எல்லையைத் தாண்டினால், 2008-இல் வகுத்த கொள்கையின்படி உள்ளாட்சி அமைப்புகளே பாலியேட்டிவ் நர்சை வீட்டுக்கு அனுப்புகின்றன. கிடப்பிலானவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாளுக்கு 'ஆஸ்வாசகிரணம்' என்று மாதம் 600 ரூபாய் தருகிற திட்டம் ஒன்றும் அங்கே உண்டு. தொகை சிறியது, நிலுவை விழுகிறது என்ற புகாரும் இருக்கிறது. ஆனாலும் பார்த்துக்கொள்கிறவரின் உழைப்புக்கு ஒரு விலை உண்டென்று ஒரு அரசு ஒத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் அம்மையைப் போன்றவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அது வேண்டாமா?

எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இங்கிலாந்தில் நர்சாகவும் கேர் ஒர்க்கராகவும் இருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் கேர் ஒர்க்கர் வேலைக்கு விசா திறந்தபோது போனவர்களும் உண்டு. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். என்னிடம் படித்த ஒரு பெண் அங்கிருந்து கூப்பிட்டபோது, அங்கே கட்டணம் எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டேன். முதலில் உள்ளாட்சி மன்றத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து நோயாளிக்கு என்னென்ன உதவி வேண்டும் என்று பார்த்து எழுதுகிறார். அதற்குப் பிறகுதான் பணக்கணக்கு. சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் அவருடையது. 14,250-க்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொடுவதில்லை. இடையில் இருந்தால் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் வாரம் 1 பவுண்டு வருமானம் என்று வைத்துக் கூட்டுகிறார்கள். வீட்டிலேயே இருந்து பராமரிப்பு வாங்குகிறவருக்கு, அவர் குடியிருக்கும் வீடு கணக்கில் வராது. கட்டணம் போக, அவர் சாப்பிட்டு வாழ இவ்வளவு பணம் கையில் நின்றே ஆக வேண்டும் என்று ஒரு அளவு இருக்கிறது. ஊனத்தால் வரும் கூடுதல் செலவையும் கழிக்க வேண்டும்.

அங்கே எல்லாம் சுகம் என்று அந்தப் பெண் சொல்லவில்லை. அந்த 23,250 பவுண்டு வரம்பு 2010-லிருந்து உயரவே இல்லை. ஒருவர் வாழ்நாளில் கட்ட வேண்டிய மொத்தத்துக்கு 86,000 பவுண்டு என்று ஒரு உச்சவரம்பு அறிவித்து, தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் 2020 டிசம்பரில் நடந்ததைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. நார்ஃபோக் என்ற உள்ளாட்சி மன்றம் கட்டணம் போடும் முறையை மாற்றியதில், வேலைக்கே போக முடியாத அளவு ஊனமுள்ள ஒரு இளம்பெண்ணின் உதவித்தொகையிலிருந்து கூடுதலாக எடுத்தார்கள். வேலைக்குப் போகிறவரின் சம்பளத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை, உதவித்தொகையைச் சேர்க்கிறார்கள். அப்படியானால் ஊனம் கூடியவர்தானே கூடுதல் கட்டுகிறார் என்று வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் அது பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. கணக்கு எழுத்தில் இருந்ததால் அதிலுள்ள அநியாயத்தைக் கோர்ட்டில் காட்ட முடிந்தது. நான் எதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவேன்? என்னிடம் இருப்பது மொத்தத் தொகை மட்டும் எழுதிய ஒரு ரசீது.

2021-க்கான மத்திய அரசின் மதிப்பீட்டில் தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு 13.6 பேர் 60 வயதைக் கடந்தவர்கள், 2031-இல் 18.2 ஆகும் என்கிறார்கள். எங்கள் மாவட்டத்திலிருந்து பிள்ளைகள் வெளியூர் போவது நிற்கப்போவதில்லை. அதனால் இது என் அம்மையோடு முடிகிற சங்கதி அல்ல.

நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவையும் அல்ல. ஹோம் நர்ஸ் ஏஜென்சி நடத்துகிறவர்கள் மாவட்ட நிர்வாகத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் சொல்வதற்கு முன் யாராவது ஒருவர் வந்து நோயாளியை நேரில் பார்க்க வேண்டும். வேலை செய்கிறவருக்கு எவ்வளவு, ஏஜென்சிக்கு எவ்வளவு, டயப்பருக்கு, டியூபுக்கு, ஆள் மாற்றத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய தாளில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். கட்ட முடியாத வீடுகளுக்கு அரசு ஒரு பங்கு ஏற்க வேண்டும். அந்தப் பங்கைத் தீர்மானிக்கும்போது குடியிருக்கும் வீட்டைச் சொத்தாக எண்ணக் கூடாது.

இதையே மனுவாக எழுதி, நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறேன். உங்கள் வீட்டிலும் மொத்தத் தொகை மட்டும் எழுதிய ரசீது இருந்தால், அதன் நகலை இணைத்து நீங்களும் ஒரு மனு கொடுங்கள்.