இறை இல்லத்தின் மீது கல்லா?

ஜப்பான் தேசத்துக் கோபே நகரிலே ஒரு பள்ளிவாசல் உண்டு. அங்கு வாணிகம் செய்த இந்திய முஸ்லிம்களும் பிறரும் பொருள் திரட்டி 1935ஆம் ஆண்டு அதனைத் திறந்தனர். 1945இல் குண்டுமாரியால் நகரம் சாம்பலான வேளையிலும், 1995இல் பூமி அதிர்ந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட வேளையிலும் அது வீழாது நின்றது. வேற்றுச் சமயத்தார் நடுவே, சிறு தொகையினரான முஸ்லிம்கள் இன்றும் அங்கே தொழுகின்றனர்.

சிலாபத்து முஸ்லிம்களோ நேற்றுக் கப்பலேறி வந்தவரல்லர். தலைமுறை தலைமுறையாக இக்கரையில் வாழ்பவர். முன்னேஸ்வரத்து மணியோசையும் பேராலயத்து மணியோசையும் பாங்கொலியும் ஒரே காற்றிற் கலக்கும் ஊர் இது.

இவ்வூரில் 2019 மே 12ஆம் நாள் நிகழ்ந்தது என்ன? முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி, பயமுறுத்தல் எனக் கொள்ளப்பட்டது. கூட்டம் திரண்டது, கடைகள் தாக்கப்பட்டன, பள்ளிவாசல்கள் மீது கற்கள் வீழ்ந்தன. ஊரடங்குச் சட்டம் பிறந்தது. மறுநாள் குளியாப்பிட்டியிலும் மினுவாங்கொடையிலும் வன்செயல் மூண்டது. புத்தளம் மாவட்டத்திலே ஒரு முஸ்லிம் கொலையுண்டார்.

அதற்கு மூன்று வாரங்களின் முன், ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பாதகத்தை நாம் மறந்தோமல்லோம். அதனைச் செய்தாரும் செய்வித்தாரும் தண்டிக்கப்படல் வேண்டும். ஆயின், அக்கொலைஞர் குற்றத்திற்குத் தொழச் சென்றவர் தண்டம் இறுப்பது எந்த நாட்டு நீதி?

இதனை வினவும் தகுதி எமக்கு உண்டா என எம் நெஞ்சையும் கேட்கின்றோம். 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் விரட்டினர். அவர்களிற் பெரும்பாலோர் அடைக்கலம் புகுந்தது இதே புத்தளம் மாவட்டத்திலேதான். தமிழ் பேசுவோரைத் தமிழின் பெயராலேயே விரட்டிய அப்பழியை ஒப்புக்கொள்ளாத நா, சிலாபத்தைக் கண்டிக்க எழுதல் ஆகாது. ஒப்புக்கொண்டே கண்டிக்கின்றோம்.

பொலிசார் கல் வீழ்ந்த பின்னர் ஊரடக்க வருவது காவலன்று; கல் எழுமுன் பள்ளி வாயிலில் நிற்பதே காவல். அவர்க்கும் முன்னே அயலவர் நிற்றல் வேண்டும். சைவர், கத்தோலிக்கர், பௌத்தர் என்ற பேதமின்றிச் சிலாபத்து மக்களை இதற்கு அழைக்கின்றோம். குண்டுக்கும் நிலநடுக்கத்துக்கும் தப்பிய கட்டடம் உலகில் உண்டு. அயலவன் கையே கல்லெடுக்குமாயின், எந்தக் கட்டடம்தான் நிற்கும்?