வெண்மை வேறு, வலிமை வேறு

பல்லுக்கு அழகு வெண்மையன்று, வலிமையே. முறுவலுக்கு முல்லை முகையையும் முத்தையும் உவமை காட்டினர் பழந்தமிழ்ப் புலவர். சுண்ணாம்புச் சுவரை எவரும் காட்டினாரல்லர். முத்தின் ஒளியிலும் மெல்லிய மஞ்சட் சாயல் உண்டு. இயற்கைப் பல்லின் நிறமும் அதுவே. இதனை மறந்து, விளம்பரப் படங்களில் மின்னும் பல்வரிசையைக் கண்டு தம் பல்லைத் தாமே வெறுக்கும் தாழ்வு தமிழரிடைப் புகுந்துள்ளது.

சவ்வாது மலையை எண்ணிப் பார்க்க! சமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் வாழும் மலையாளி எனப்பெறும் பழங்குடியினர், சாமை விளைப்பதோடு கடுக்காயும் புளியும் தேனும் திரட்டி வாழ்பவர். மலையிலிருந்து மூட்டையாய் இறங்கும் கடுக்காய், பற்பொடிப் பொதியாய்ப் பன்மடங்கு விலையில் ஏறுகின்றது. வாங்க இயலாதார் கைம்மருந்தை நாடுவது இயல்பே. ஆயினும், கைம்மருந்து அனைத்தும் நன்றென்பதும் பேதைமை. அனைத்தும் தீதென்பதும் பேதைமை.

பல்லின்மேல் போர்த்துள்ள பற்சிப்பி, உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால், தேய்ந்தால் மீண்டும் வளராது. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு அதனைக் கரைக்கும். செங்கற்பொடியும் மணலும் பரற்கரியும் அதனை அராவும். முதற் கிழமையில் பல் வெளுத்தது போலவே தோன்றும். பின்னரோ, அடியிலுள்ள மஞ்சட் பகுதி வெளிப்பட்டுப் பல் முன்னினும் மஞ்சளிக்கும். தண்ணீர் பட்டாலும் கூசும். வெளுக்கச் செய்த மருந்தே பழுப்பாக்கும் நஞ்சாகும்.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் அவ்வாறல்ல. நுனியை மென்று நாராக்கி, ஈறு புண்ணாகாமல் மெல்லத் துலக்கினால் அழுக்கு அகலும். உண்டபின் வாய் கொப்புளித்தல் காசில்லா மருந்து. பற்பசையும் பகையன்று; அதிலுள்ள சிறிதளவு புளூரைடு சொத்தையைத் தடுக்கும். சிறுவர் அதனை விழுங்கலாகாது, அவ்வளவே.

வெற்றிலைக் காவியைத் தேய்த்துப் போக்க முயல்வோர், பாக்கையே விடுதல் நன்று. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் 2004ஆம் ஆண்டு வெளியீடு உறுதிசெய்துள்ளது.

தேய்த்தால் போகாத கறையும் ஒன்றுண்டு. மலைக்கு மேற்கே, தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளூரைடு மிகுந்துள்ளது. இலிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைக் குழந்தைப் பருவத்தில் ஆண்டுக்கணக்கில் குடித்தால், முளைக்கும் பல்லே பழுப்புக் கறையோடு முளைக்கக் கூடும். மிக மிகின் எலும்பும் கெடும். அது அழுக்கன்று, அப் பிள்ளை சோம்பலால் பல் துலக்காதவனும் அல்லன். அவனைப் பார்த்து நகைப்பவனே நாணத்தக்கவன். அக் கறைக்கு மருந்து கரித்தூளில் இல்லை. நல்ல குடிநீரில் உள்ளது. அதன் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பெற்று, 2013இல் தொடங்கப்பெற்றது. அந் நீர் கடைசிச் சிற்றூர்க் குழாய்வரை தடையின்றி ஓடச் செய்தல் அரசின் கடன். ஓடாவிடின், உரக்கக் கேட்டல் மக்களின் கடன்.

நலத்தைப் பேணுக, நிறத்தைத் துரத்தற்க! கூசாமல் கடிக்கும் பல்லே நல்ல பல். நாணாமல் சிரிக்கும் வாயே அழகிய வாய்.