"கை வராது" என்கிற பேச்சு



தீபாவளிக்கு நான் போட்ட அதிரசப் படத்துக்கு இத்தனை பேர் பதில் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. "டீச்சர், எங்களுக்குப் பார்சல் உண்டா?" என்று கேட்ட பழைய மாணவர்களுக்கு முதலில் ஒரு தகவல். தட்டில் இருந்தது மொத்தமே 14. சாயங்காலத்துக்குள் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று.

சொந்தக்காரர்களில் சிலர், "அத்தையோட கைப்பக்குவம் அப்படியே உங்களுக்கு வந்திருச்சு" என்று எழுதியிருந்தீர்கள். பாராட்டுத்தான், சந்தோஷம். ஆனால் அதற்குக் கீழேயே ஒருவர், "எல்லாருக்குமா கை வரும்? நம்ம வீட்டுக்கு வந்த புது மருமகளுக்குக் கேசரி கூட வரலையே" என்று எழுதிவிட்டார். அந்தப் பெண்ணும் அதைப் பார்த்து, சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டிருந்தாள். 34 வருஷம் வகுப்பறையில் நின்றவள் நான். பிள்ளைகள் எந்தச் சிரிப்பை எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கல்யாணமானது 1986-ல். அதற்கு இரண்டு வருஷம் முன்பே வேலைக்கு வந்துவிட்டேன். எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், அதிரசம் சுட்டால் தெருவே வாங்கிப் போகும். முதல் தீபாவளிக்கு நான் கரண்டியைக் கையில் எடுத்ததும், "நீ நோட்டைத் திருத்தும்மா. சாக்பீஸ் பிடிக்கிற கைக்குப் பாகு வராது" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. என் இரண்டு பிள்ளைகளையும் அவர்தான் வளர்த்தார். அவர் இல்லையென்றால் நான் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போயிருக்க முடியாது. ஆனால் அந்த வார்த்தை அப்படியே நின்றுவிட்டது. விசேஷம் என்று வந்தால் "டீச்சருக்குக் கை வராது" என்று யாராவது சொல்வார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். உண்மையைச் சொன்னால் அது எனக்கு வசதியாகவும் இருந்தது. அடுப்படிப் புகையிலிருந்து தப்பித்தேன் அல்லவா?

2016-ல் அத்தை தவறிவிட்டார். 2018-ல் நான் ஓய்வு பெற்றேன். அந்த வருஷத் தீபாவளிக்குக் கடையில் வாங்கிய அட்டைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துண்டை எடுத்துக் கடித்துவிட்டுப் பெட்டியை மூடினார். மறுநாள் நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஆரம்பம் ரவா கேசரி. எல்லாம் ஒன்றாகத்தானே வேகப்போகிறது என்று கொதிக்கிற தண்ணீரில் சர்க்கரையையும் ரவையையும் ஒன்றாகக் கொட்டினேன். எவ்வளவு நேரம் கிளறினாலும் ரவை பல்லில் மணலாக நெறுநெறுத்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், ரவை வேகத் தண்ணீர் கிடைக்காது. ரவையை நெய்யில் வறுத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு கொதிக்கும் தண்ணீரில் முழுசாக வேகவிட்ட பிறகுதான் சர்க்கரையைப் போட வேண்டும். இதில் கை எங்கே வந்தது? வரிசைதான் இருக்கிறது.

தேங்காய் பர்பி முதல் தடவை அல்வாவாக வந்தது, இரண்டாம் தடவை பொடியாக உதிர்ந்தது. பொடிந்ததில் கொஞ்சம் பால் தெளித்து மறுபடி அடுப்பில் வைத்துக் கிளறினால் திரும்பச் சேர்ந்துகொள்ளும் என்பதை அன்றுதான் கற்றேன். வாணலி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்து வருகிற அந்த ஒரு நிமிஷத்தில் இறக்கிவிட வேண்டும். மூன்றாம் தடவை சரியாக வந்தது. வெல்லப் பாயசத்தில் சூட்டோடு பாலை ஊற்றித் திரிய வைத்த கதையெல்லாம் உங்களுக்கு வேண்டாம்.

அதிரசத்துக்கு ஆறு தடவை ஆனது.

முதல் தடவை, ஊறிய அரிசியை வெயிலில் மொறமொறவென்று காயவைத்து மில்லில் அரைத்தேன். மாவு ஈரப்பதமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தட்டும்போதே ஓரமெல்லாம் வெடித்தது. இரண்டாம் தடவை பாகு இளசு. எண்ணெயில் போட்டதும் அதிரசம் கரைந்து, நுரைத்து, வாணலி முழுக்கச் சிதறியது. "டீச்சர், இதுக்கு ஒரு பேர் வெச்சுட்டா புதுப் பலகாரம்" என்றார் வீட்டுக்காரர். மூன்றாவது கல். நான்காவது, தீ அதிகம், வெளியே கருப்பு, உள்ளே பச்சை மாவு. ஐந்தாவது சுமார். பொறுமையில்லாமல் கிளறிய அன்றே சுட்டுவிட்டேன், மாவை ஓர் இரவாவது மூடி வைத்திருக்க வேண்டும்.

அந்த இரண்டாம் தடவையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்று கொல்லைச் சுவரைப் பூச ஒரு மேஸ்திரி வந்திருந்தார். என் பழைய மாணவர். சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இத்தனை மூட்டை சிமெண்ட், இத்தனை மணல், இத்தனை ஆள் கூலி என்று வாயாலேயே கணக்குச் சொன்னார். நான் உள்ளே வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. "அருமையாக் கணக்குப் போடுறியேப்பா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்கதான் டீச்சர் அஞ்சாப்புல எங்கப்பாகிட்ட, இவனுக்குக் கணக்கு வராதுன்னு சொன்னீங்க" என்றார்.

எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ! அந்த அப்பா அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் என்ன முடிவெடுத்தார் என்று மேஸ்திரியிடம் கேட்க எனக்கு அன்றைக்குத் தைரியம் வரவில்லை. சிதறிப்போன அதிரசத்தை ஒரு கிண்ணத்தில் அள்ளிக் கொடுத்தேன். தின்றுவிட்டு, "பாகுல தண்ணி நின்னுருச்சு டீச்சர். எங்க கலவையும் இப்படித்தான், தண்ணி கூடினா நிக்காது. ரெண்டு தடவை கெட்டாத்தான் பதம் தெரியும்" என்றார். பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்து டிப்ளமா வாங்கியவள் நான். இத்தனை எளிதாக எனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை.

பதம் என்பது மாயம் இல்லை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாகில் தண்ணீர் வற்ற வற்றக் கொதிக்கும் சூடு ஏறிக்கொண்டே போகும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலுக்கு அடங்கி மெத்தென்று உருள்கிறதே, அந்த உருட்டுப் பதம் சர்க்கரைப் பாகில் சுமார் 112 முதல் 116 டிகிரிக்குள் வந்துவிடும். என் மகன் ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கி அனுப்பினான். அதையும் அத்தையின் தண்ணீர்க் கிண்ணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே சமயத்தில் ஒரே பதிலைச் சொன்னபோது அடுப்படியில் தனியாக நின்று கைதட்டினேன்.

இன்னொன்று. அத்தை கண்ணளவில் போடுவார் என்றுதான் இத்தனை நாள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். போன மாதம் என் நாத்தனாரிடம் கேட்டால், "யார் சொன்னா? அம்மா அரிசியைப் பித்தளை உழக்குல தலை தட்டித்தான் அளப்பாங்க. வெல்லத்தை அச்சு எண்ணித்தான் போடுவாங்க" என்கிறார். அந்த உழக்கு 30 வருஷமாக என் கண் முன்னால் அரிசி டிரம்மில்தான் கிடந்தது. அத்தை எதையும் மறைக்கவில்லை. நான்தான் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை.

கைப்பக்குவம் என்று நாம் கொண்டாடுவதற்குப் பின்னால் அளவு இருக்கிறது, வரிசை இருக்கிறது, கெட்டுப்போன பல வாணலிகள் இருக்கின்றன. சிலருக்குச் சீக்கிரம் வரும், ஒப்புக்கொள்கிறேன். கணக்கிலும் அப்படித்தானே? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே அடுப்பில் நிற்கிற ஆண்கள் பழகிக் கற்றவர்கள், அதைத் தொழில் என்கிறோம். கல்யாண மண்டபத்தில் பாகு காய்ச்சுகிறவரை மாஸ்டர் என்கிறோம். வீட்டில் ஒரு பெண் செய்தால் மட்டும் அது பிறவியிலேயே கையில் வந்துவிட வேண்டும், வராவிட்டால் அவளிடம் குறை. இது என்ன நியாயம்? அந்தக் கேசரியைக் குறை சொன்ன வீட்டில் அவள் புருஷனும் இருக்கிறான். அவன் கையைப் பற்றி யாரும் ஒன்றும் எழுதவில்லையே. அவனும் என்னிடம் படித்தவன்தான், இதைப் படிப்பான்.

நடுவில் ஒரு எச்சரிக்கை, இது என் வயசுச் சொந்தங்களுக்கு. "வெல்லம்தானே, சர்க்கரை ஏறாது" என்று தைரியமாக நாலு அதிரசம் சாப்பிடாதீர்கள். வெல்லத்திலும் நாட்டுச்சர்க்கரையிலும் பெரும்பங்கு அதே சர்க்கரைதான், உடம்புக்குள் போனால் ஏறத்தான் செய்யும். எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு. அதனால்தான் 14 மட்டும் சுட்டேன், அவருக்குப் பாதி. வீட்டில் செய்வதில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். கால் கிலோ அரிசியில் நிறுத்திக்கொள்ளலாம், கிலோக்கணக்கில் பெட்டி வாங்கி வைத்து ஒரு வாரம் திறந்து திறந்து மூட வேண்டியதில்லை.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் மைசூர்பாகில் கை வைக்காதீர்கள். கேசரி, தேங்காய் பர்பி, பொட்டுக்கடலை உருண்டை போதும். "தேவையான அளவு" என்று எழுதியிருக்கிற குறிப்பை மூடி வையுங்கள். என்னிடம் விடைத்தாளில் யாராவது அப்படி எழுதியிருந்தால் சுழி போட்டிருப்பேன். கெட்டுப்போனால் எதனால் கெட்டது என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். என் நோட்டில் இப்போது 23 வரி இருக்கிறது.

கடைசியாக என் கொழுந்தனார் மருமகளுக்கு. அம்மா, உன் பெரியத்தை வீட்டில் சனிக்கிழமை மத்தியானம் அரை கிலோ மாவுப் பச்சரிசி ஊறப் போடப்போகிறேன். இரண்டு மணி நேரம் ஊறி, நிழலில் துணியில் உலர்ந்து, தொட்டால் கையில் ஈரம் தெரிகிற பக்குவத்தில் அரைக்க வேண்டும். மூன்று மணிக்குள் வந்துவிடு, அவனையும் கூட்டிக்கொண்டு வா. 400 கிராம் வெல்லம் வாங்கி வைத்திருக்கிறேன். பாகை நீ காய்ச்சு, அவன் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கட்டும். கெட்டுப்போனால் மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை படி கட்ட வருகிறார், அவருக்குக் கொடுத்துக்கொள்ளலாம்.